முப்பத்தாறு என்று சொன்னேன்

என் சகலை மேல் வயிறு எரிந்து நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லப்போகிறேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் பைக் குழுவில் அதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதில் பாதி என்னை நல்லவனாகக் காட்டுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். லிஃப்ட் விற்கிற கம்பெனியில் மேனேஜர். ஆறடி இரண்டு அங்குலம். இவனுக்கு எதற்கு லிஃப்ட் என்று எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜோக் உண்டு. அதை முதன்முதலில் சொன்னவன் நான். இப்போது அதற்குச் சிரிக்காதவனும் நான் ஒருவன்தான்.

நான் அழுத்தம் காட்டுகிற மீட்டர்களைச் சோதிக்கிறவன். பாய்லர் மீட்டர், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் மீட்டர், டயர் கடை மீட்டர் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். எடைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தம் கொடுத்து, முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். அறை எப்போதும் ஒரே குளிரில் இருக்க வேண்டும் என்பதால் கொளுத்துகிற வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு முள்ளுக்கும் நான் சலுகை காட்டியதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் பைக்கில் கிளம்புவோம். முன்னால் போகிறவன் நான். பல் டாக்டர், வாத்தியார் எல்லாரும் பின்னால். பாதி வழி தார் ரோடு, பாதி வழி மண் பாதை. மண்ணில் இறங்கும்போது டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வோம், அப்போதுதான் கல்லிலும் மணலிலும் பிடித்துப் போகும். திரும்பத் தார் ரோடு வந்ததும் நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் வேகமாகப் போனால் டயர் சூடாகும், வண்டி ஆடும். டியூப் போட்ட டயராக இருந்தால் டியூப் உள்ளேயே நகர்ந்து வால்வைப் பிய்த்துக்கொண்டுவிடும். அப்புறம் ஒரு நொடியில் காற்று மொத்தமும் போய்விடும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். தார் ரோடு தொடங்குகிற இடத்தில் நான் கையைத் தூக்குவேன், எல்லாரும் ஓரம் கட்டுவார்கள். பம்ப் என்னுடையது, மீட்டரும் என்னுடையது. ஒவ்வொரு டயராக நானே மண்டி போட்டுக் காற்று அடித்து, மீட்டரை வைத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். முன்டயரில் முப்பத்திரண்டு பவுண்டு, பின்டயரில் முப்பத்தாறு. நான் சொன்ன பிறகு இன்னொரு முறை பார்த்தவர் கிடையாது. எனக்குப் பெயரே மீட்டர் என்று ஆகிவிட்டது. பல் டாக்டர் தன் பெண் கல்யாணப் பத்திரிகையின் உறை மேல் ‘திரு. மீட்டர், குடும்பத்தினர்’ என்று எழுதியே கொடுத்தார். உண்மையைச் சொன்னால் நான் என் சம்பளத்தை விட அந்தப் பெயரைப் பெரிதாக நினைத்தேன்.

இனி வண்டிக் கதை. போன வருடம் ஒரு கம்பெனி எழுநூறு சிசியில் புது பைக் விட்டது. நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்று செய்தது. அதில் இரண்டு மாடல். எஞ்சின் ஒன்றுதான், டேங்க்கும் ஒன்றுதான். ரோடு மாடலில் சீட் தாழ்வு, சக்கரம் சின்னது, அலாய் வீல், டியூப் இல்லாத டயர், காற்றைத் தடுக்க முன்னால் அகலமான கண்ணாடி. மண் மாடல் உயரம். முன்சக்கரம் பெரிது, ஸ்போக் கம்பி வைத்தது, டயருக்குள் டியூப். மட்கார்டு கொக்கு மூக்கு மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றபடி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்.

எனக்கு மண் மாடல்தான் வேண்டும். நான்கு தடவை ஷோரூமுக்குப் போனேன். மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் தடவை ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. ஒரு காலையாவது முழுசாக ஊன்றலாம் என்று கொஞ்சம் சாய்த்தேன். வண்டி சாய்ந்தது, நான் சாய்ந்தேன், பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரும் சாய்ந்தது. விற்பனைப் பையன்கள் மூன்று பேர் ஓடி வந்து எங்கள் மூவரையும் தூக்கினார்கள். “சார், உங்க ஹைட்டுக்கு ரோடு மாடல்தான் சார் அம்சமா இருக்கும்” என்றான் ஒருவன். ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி உடைந்ததற்குப் பணம் கட்டிவிட்டு, ரோடு மாடலுக்கு முன்பணமும் கட்டிவிட்டு வந்தேன்.

குழுவில் கேட்டார்கள். “என்ன மீட்டர், மண் மாடல்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க?” நான் யோசிக்கக்கூட இல்லை. “வீட்ல ஒத்துக்கல. அவளுக்கு இடுப்பு வலி. அவ்ளோ உசரத்துல ஏறி உக்கார முடியாதுங்கிறா” என்றேன். என் மனைவிக்கு இடுப்பு வலி கிடையாது. அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் சூப்பர்வைசர், ஈரத் துணி மூட்டையை ஒற்றைக் கையால் தள்ளிவிடுகிறவள். ‘உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க’ என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து சகலை வந்து நின்றான், மண் மாடலில். அதுவரை அவன் ஓட்டியது ஆட்டோமேடிக் கார். கிளட்ச் எது, பிரேக் எது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் ஷோரூமுக்குப் போனவன் மதியம் வண்டியோடு வந்துவிட்டான். எங்கள் வாசலில் நிறுத்தி, இரண்டு காலையும் பாதம் முழுக்கத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் முழங்காலை வேறு கொஞ்சம் மடித்துக்கொண்டான். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எப்டி இருக்கு சகல?” என்றான். அதையும் கவனித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். வண்டி வந்ததும் அண்ணா சகல ஆகிவிட்டான்.

“நல்லாருக்கு. டியூப் டயர்தான் கொஞ்சம் தொல்லை” என்றேன்.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் சப்பைக்கட்டு என்று எனக்கே தெரியும். நூறு கிலோமீட்டரில் தொண்ணூறு தார் ரோடுதானே, வளைவில் சின்னச் சக்கரம்தானே ஒட்டிப் போகும், பஞ்சர் ஆனால் எனக்குப் பத்து நிமிஷம், அவனுக்கு அரை நாள் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் வாய் கிழியச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடந்து போகிறவன் திரும்பிப் பார்ப்பது அவனுடையதை. அவன் வண்டி ஆபீசுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மண் என்று அது பார்த்ததெல்லாம் அவன் வீட்டுப் பூந்தொட்டியில்தான். இதையும் நான் எல்லாரிடமும் சொன்னேன். சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவன் வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமைக்கு ஏரிக்குப் போவதாகத் திட்டம். ஆறாவது ஆளாகச் சகலையும் முதல் தடவையாக எங்களோடு சேர்ந்துகொண்டான். பழைய கல்குவாரி வழியாக இருபது கிலோமீட்டர் மண் பாதை, பிறகு நாற்பது கிலோமீட்டர் மலையிறக்கத் தார் ரோடு. பெண்கள் வாத்தியார் காரில் மெயின் ரோடு வழியாக வந்து, மண் பாதை முடிகிற டீக்கடையில் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். அங்கிருந்து விருப்பமுள்ளவர்கள் பைக்கில் ஏறிக்கொள்ளலாம். காரை ஓட்டுவது வாத்தியாரின் மனைவி.

குவாரிப் பாதையைத் தேர்ந்தெடுத்தது நான். ஒளிப்பானேன், சகலை ஒரு தடவையாவது விழ வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். அடிபட வேண்டாம். மண்ணில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ‘இந்த வண்டி நமக்குச் சரிப்படாது சகல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் ஆசையாகக் காத்திருந்தேன்.

அவன் விழவில்லை. மண் பாதை தொடங்கியதும் எல்லா டயரிலும் இருபதுக்கு இறக்கினேன், அவனுடையதிலும்தான். அவன் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுகொண்டு, யாரோ அந்த வண்டிக்கென்றே செய்து அனுப்பியவன் மாதிரி கல்லுக்கு மேல் போனான். அவன் முன்சக்கரம் ஏறி இறங்கிய கல்லில் என் வண்டியின் அடிவயிறு டங்கென்று இடித்தது. இரண்டு இடத்தில் இடித்தது. பின்னால் வந்த பல் டாக்டர் வண்டியை நிறுத்தி, “மீட்டர், எஞ்சின் ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அவர் பல்லையெல்லாம் பிடுங்க வேண்டும் போல் இருந்தது.

டீக்கடைக்கு வந்தோம். நான் கையைத் தூக்கினேன், ஓரம் கட்டினார்கள். கார் முன்பே வந்திருந்தது. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பம்ப்பை என் வண்டி பேட்டரியில் செருகிவிட்டு ஒவ்வொரு வண்டியாக முடித்துக்கொண்டு வந்தேன். கடைசியாகச் சகலையின் வண்டி. முன்டயரை முடித்தேன். முப்பத்திரண்டு என்று சொன்னேன். பின்டயரில் குழாயை மாட்டி, பம்ப்பை ஓட விட்டேன்.

அவன் வண்டி மேல் கை வைத்து என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தான். “சகல வண்டி பாவம், அடிவயித்துல ரெண்டு குத்து வாங்கிடுச்சு” என்றான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “என்ன பண்றது, அண்ணி இடுப்பப் பாத்து வாங்கினது. அண்ணி, நீங்க மட்டும் மனசு வச்சிருந்தா இன்னிக்கு இவரும் பறந்திருப்பாரு.”

சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கி என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு இந்த இடுப்புக் கதை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை. டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

பம்ப்பை நிறுத்தினேன். மீட்டரை வைத்தேன். முள் இருபத்திரண்டில் நின்றது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். வெயில் கண்ணாடியில் அடித்தது, புழுதி இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு. வாயைத் திறந்து, “முப்பத்தாறு” என்று சொன்னேன்.

வால்வு மூடியைத் திருகினேன். அந்த நேரம் என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: தார் ரோட்டில் வண்டி கொஞ்சம் ஆடும். இவன் ஏரிக்கு வந்து, ‘என்ன சகல, ரோட்ல உங்க வண்டிதான் கில்லி’ என்பான். நாற்பது கிலோமீட்டர் மெதுவாகப் போனால் வால்வுக்கு ஒன்றும் ஆகாது. முன்னால் போகிறவன் நான்தானே, வேகம் என் கையில். இப்படி ஒரு கணக்கை நான் என் சோதனைக்கூடத்தில் எவனாவது சொல்லக் கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

“தேங்க்ஸ் சகல” என்று தோளில் தட்டினான்.

நான் பம்ப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் மச்சினியின் குரல். “அக்கா, நீ இதுல ஏறிப் பாரேன். உசரத்துல உக்காந்தா வேற மாதிரி இருக்கு. நான் அத்தான் வண்டில வரேன்.” நான் திரும்புவதற்குள் என் மனைவி ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, சகலையின் தோளைப் பிடித்து, ஒரே எக்கில் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலிக்காரி. பல் டாக்டர் கை தட்டினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இரு, இன்னொரு தடவ பாத்துடறேன்’ என்றால் போதும். மீட்டர் இன்னொரு தடவை பார்ப்பதா என்று நினைப்பார்களே என்று நினைத்தேன். ஆறு வருடமாக ஒருமுறைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. மச்சினி என் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். பக்கக் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு போனேன். எல்லாருக்கும் மேலே என் மனைவியின் ஹெல்மெட் தெரிந்தது. அவள் இரண்டு பக்கமும் மலையையும் பள்ளத்தாக்கையும் பார்த்துக்கொண்டு வந்தாள். என் வண்டியில் அவள் என் முதுகை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த நிலைமையிலும் அது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பொறாமையும் பயமும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கும் என்று கேட்டால், இருக்கும்.

“என்ன அத்தான், மாட்டு வண்டியா ஓட்டறீங்க?” என்றாள் மச்சினி.

என் மனைவிக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. அவள் சகலையின் தோளைத் தட்டி ஏதோ சொல்வது கண்ணாடியில் தெரிந்தது. (‘உங்க அண்ணன் தூங்கறாரு தம்பி, நீங்க முன்னாடி போங்க’ என்று சொன்னாளாம்.) முன்னால் போகிறவனை யாரும் தாண்டக் கூடாது என்பது எங்கள் குழு விதி. அவள் குழுவில் இல்லை. சகலை ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டினான். தாண்டும்போது என் மனைவி கை அசைத்தாள்.

நேரான பகுதி முடிந்து வளைவு வளைவான இறக்கம் தொடங்கியது. அவன் எண்பதில் போகிறான் என்று தெரிந்தது. பின்சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு, தாமதமாகத் திரும்பியது. அவனுக்கு அது தெரியாது. உயரமான வண்டி, பின்னால் ஆள், இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருப்பான். எனக்கு அந்த டயருக்குள் என்ன நடக்கிறது என்று படம் போட்டது மாதிரி தெரிந்தது. நான் முறுக்கினேன். ஹாரன் அடித்தேன், லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகம் கூட்டினான். நான் போட்டி போடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

என்னைத் தெரிந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

மச்சினி என் விலாவைக் கிள்ளினாள். “அத்தான் மெதுவா, அத்தான் மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நூறைத் தாண்டினேன். அந்த இறக்கத்தில் என் வண்டி சொன்னபடி கேட்டது, வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. நான் ஊரெல்லாம் பேசிய பெருமை அத்தனையும் உண்மை என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது. எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. நான்காவது வளைவில் அவனைத் தாண்டி முன்னால் போய், கையை உயரத் தூக்கி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தேன். விதிக்குக் கட்டுப்பட்டு அவனும் குறைத்தான். ரோடு போடுகிறவர்களின் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் நிழலில் நின்றோம்.

நான் ஓடிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். தொட முடியாத சூடு, ரப்பர் வாடை. வால்வு நேராக நிற்க வேண்டும். அது படுத்துக்கொண்டிருந்தது. அடியில் மயிரிழை அளவுக்குக் கீறல். இன்னும் நான்கைந்து வளைவு போயிருந்தால் பிய்ந்திருக்கும். அந்த இறக்கத்தில் ஓரத் தடுப்பு இல்லை.

மற்ற வண்டிகளும் காரும் வந்து நின்றன. எல்லாரும் சுற்றி நின்றார்கள். “என்னாச்சு மீட்டர்?” என்றார் வாத்தியார்.

மீட்டரை வைத்தேன். வெயிலிலும் சூட்டிலும் ஏறி இருபத்தேழு காட்டியது. சத்தமாகச் சொன்னேன்.

“முப்பத்தாறுன்னீங்களே?” என்றான் சகலை.

“மீட்டர் ஏமாத்திடுச்சு போல. முள் ஒட்டிக்கிச்சோ என்னமோ” என்றேன்.

அவ்வளவுதான். யாரும் சந்தேகப்படவில்லை. “மெஷின்தானே, அதுக்கும் வயசாகுமில்ல” என்றார் பல் டாக்டர். “நல்ல வேளை, நீங்க கவனிச்சீங்க” என்றார் வாத்தியார். சகலை என் கையைப் பிடித்தான். “அண்ணிய வச்சிட்டு ஓட்டினேன். நீங்க தொரத்தி வரலேன்னா என்ன ஆயிருக்கும்?” அவன் கண் கலங்கியிருந்தது. நான் தப்பித்துவிட்டேன். தப்பித்தது மட்டுமல்ல, உயிரைக் காப்பாற்றினவனாக வேறு ஆகிவிட்டேன்.

என் மனைவி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். “எவ்வளவு காட்டுச்சு?” என்று கேட்டாள்.

“இருபத்தேழு.”

“இப்ப கேக்கல. டீக்கடைல.”

“அதான் சொன்னேனே, முள்ளு…”

“வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆபீஸ்லேருந்து இத டெஸ்ட் பண்ணி எடுத்துட்டு வந்தீங்க. சாப்பாட்டு மேஜைல வச்சுத் தொடச்சீங்க. முள்ளு ஒட்டிக்கிச்சா?” அவள் குரலை உயர்த்தவில்லை. “என் இடுப்பு வலின்னு ஊரெல்லாம் சொன்னீங்க. எனக்குத் தெரியும். ஆசப்பட்டது கிடைக்கல, பாவம், ஏதோ சொல்லிக்கிறாரு, சொல்லிட்டுப் போகட்டும்னு சிரிச்சிக்கிட்டே இருந்தேன். இது அந்த மாதிரி இல்லீங்க. எவ்வளவு காட்டுச்சு?”

எட்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இருபத்திரண்டு” என்றேன்.

“பின்ன ஏன் முப்பத்தாறுன்னு சொன்னீங்க சகல?” சகலைக்கு இன்னும் புரியவில்லை. அவன் முகத்தில் வெறும் கேள்விதான் இருந்தது.

“வயித்தெரிச்சல்” என்றேன். “உன் வண்டி ரோட்ல ஆடணும், நீ வந்து என் வண்டிதான் நல்லதுன்னு சொல்லணும். அவ ஏறுவான்னு தெரியாது. ஏறினப்புறமும் சொல்லல.”

பல் டாக்டர் தன் கையுறையை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். மச்சினி அழ ஆரம்பித்தாள். சகலை மண்டி போட்டு உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினான். டியூப் மாற்ற இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நான் ஸ்பானரை நீட்டினேன், வாங்கிக்கொண்டான். பெண்கள் இருவரும் காரில் ஏறிக்கொண்டார்கள். ஏரிக்குப் போகாமலே திரும்பினோம். முன்னால் வாத்தியார் போனார், நான் கடைசியில் போனேன்.

வீட்டில் ஒரு வாரம் உப்பு, சாவி, கரண்ட் பில் என்று தேவைக்குத்தான் பேச்சு. எட்டாம் நாள் துணி மடித்துக்கொண்டே என் மனைவி தானாகச் சொன்னாள். “எனக்கும் என் தங்கச்சியப் பாத்து எத்தனையோ தடவ எரிஞ்சிருக்கு. அவ வீடு, அவ கார், அவ புருஷன் உசரம் எல்லாத்துக்குந்தான்.” கடைசியில் சொன்னதை அவள் வேண்டுமென்றேதான் சேர்த்தாள். “அதுக்காக அவள ஓட்ட வண்டில ஏத்தி அனுப்பல.” மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன்.

அடுத்த மாதம் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி ஆளாகப் போனேன். மண் பாதை முடிந்து தார் ரோடு வந்ததும் வாத்தியார் கையைத் தூக்கினார். நான் பழக்கத்தில் பம்ப்பையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் போனேன்.

“பாத்துட்டேன் மீட்டர், சரியா இருக்கு” என்றார் பல் டாக்டர். அவர் கையில் புதிதாக ஒரு மீட்டர் இருந்தது, கடையில் அட்டையில் ஒட்டி விற்கிற ரகம். அடுத்தவரிடமும் ஒன்று. வாத்தியாரிடமும் ஒன்று. ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள். சொல்லி வைத்த மாதிரி யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாத்தியார் “முப்பத்தாறு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டயரின் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது, முப்பத்திரண்டு கூட இருக்காது. அந்த மீட்டரை என் மேஜைக்குக் கொண்டு வந்தால் நான் குப்பையில் போடுவேன். சொல்ல வாயெடுத்தேன். எந்த வாயால் சொல்வது?

“இங்க வாங்க” என்று ஒரு குரல் கேட்டது.

சகலை தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மீட்டர் எதுவும் அவன் கையில் இல்லை. பின்டயரின் வால்வு மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான். “கொஞ்சம் பாத்துடுங்க” என்றான்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க நான் மண்டி போட்டேன். குழாய் இரண்டு தடவை நழுவியது. இருபதிலிருந்து ஏற்றினேன். முள் முப்பத்தாறில் நின்றது. “முப்பத்தாறு” என்று சொன்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. “நீயும் ஒரு தடவ பாத்துக்கோ” என்று மீட்டரை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. மூடியைத் திருகிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். வாத்தியாருக்குப் பின்னால் போய் வளைவில் சாய்ந்து மறைந்தான்.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஜென்மத்துக்கும் அந்த வால்வு மூடியைக் கழற்றி நீட்டியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அது அவனால் முடிந்தது. வண்டி வாங்குகிற மாதிரி, ஒரு யோசனையும் இல்லாமல், ஒரே நாளில் முடிந்தது. ரோட்டோரத்தில் முட்டியில் மண்ணோடு, கையில் சரியாக வேலை செய்கிற மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். அவன் மேல் அன்றைக்கு எரிந்த மாதிரி என் வயிறு அதற்கு முன்னால் ஒருநாளும் எரிந்ததில்லை.